கண்டமென்னும் கடிநகரும் நம் காவிரிப் படித்துறையும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமானுஜாய நம:

பெரியாழ்வார் திருமொழியை வரிசையாக அநுபவித்து வரும் நாம், இம்முறை நான்காம் பத்தின் ஏழாம் திருமொழிக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். கண்டமென்னும் கடிநகர் என்று ஆழ்வார் கொண்டாடும் திவ்யதேசத்திற்கு உரியது இது. இன்று உத்தராகண்ட மாநிலத்தில் தேவப்ரயாகை என்று வழங்கும் ஊர். வடநாட்டுத் திவ்யதேசங்களுள் ஒன்றான இதனை மங்களாசாஸனம் செய்தருளியவர் பெரியாழ்வார் ஒருவரே. பாசுரங்கள், பலன் சொல்லும் பாசுரத்தோடு சேர்த்துப் பதினொன்று.

வாசகர்களில் பலர் பத்ரிகாச்ரம யாத்திரையின்போது இவ்வூரைப் பேருந்தின் ஜன்னல் வழியாக மட்டும் ஸேவித்திருக்கக்கூடும். ரிஷிகேசத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். காலையில் புறப்பட்ட வண்டி இங்கே சிறிது நேரம் நிற்கும். யாரோ ஒருவர் கீழே கை காட்டி, அதோ ஸங்கமம் என்பார். கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு மேலே சென்று விடுவோம். இருட்டுவதற்குள் ஜோஷிமடம் போய்ச் சேர வேண்டுமே என்ற கவலை நமக்கு. இக்கட்டுரையைப் படித்தபின் யாரேனும் ஒருவர் அங்கே இறங்கி ஓர் இரவு தங்குவாராயின் அடியோங்களுக்கு மிகுந்த உகப்பு.

இத்திருமொழி அமைந்திருக்கும் இடத்தை முதலில் நோக்க வேண்டும். ஐந்தாம் திருமொழியில், உயிர் பிரியும் காலம் வருமுன்னே எம்பெருமானை நெஞ்சில் வைத்துக்கொள்ளுமாறு உபதேசிக்கிறார். ஆறாம் திருமொழியில், பிள்ளைகளுக்கு அவன் திருநாமத்தையே இடுங்கள், அப்பெயரைச் சொல்லி அழைத்த தாய்க்கு நரகமில்லை என்கிறார். எட்டு, ஒன்பது, பத்து ஆகிய மூன்றும் திருவரங்கத்திற்கு. இவ்விரண்டுக்கும் நடுவே, காவிரிக் கரைக்குப் போகுமுன் ஆழ்வார் நம்மைக் கங்கைக் கரையில் ஒருமுறை இறக்கிவிடுகிறார். ஏன்?

விடை முதற்பாசுரத்திலேயே இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. முந்தைய திருமொழி முழுவதும் வாயால் ஒரு பெயரைச் சொல்லி அழைப்பதைப் பற்றியது. அந்தச் சூடு ஆறுமுன், கங்கையின் பெயரை இருமுறை வாயால் சொன்ன மாத்திரத்திலேயே கொடிய வினைகள் களையப்படும் என்று இத்திருமொழியைத் தொடங்குகிறார். நீராடினால் என்று சொல்லவில்லை, கண்ணால் கண்டால் என்றும் சொல்லவில்லை. சொன்னால் போதும் என்கிறார். பிள்ளையின் பெயரில் தொடங்கியது நதியின் பெயரில் தொடர்கிறது. இந்த இழை பதினோராம் பாசுரத்தில் எங்கே போய் முடிகிறது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

இத்திருமொழிக்கு நமக்குக் கிடைத்துள்ள வ்யாக்யானம் மணவாள மாமுனிகள் அருளியது. பெரியவாச்சான் பிள்ளை பெரியாழ்வார் திருமொழிக்கு இட்டருளிய உரையில் பெரும்பகுதி மறைந்துபோயிற்று. மறைந்த பகுதிக்கு மட்டும் மாமுனிகள் உரையிட்டு, பிள்ளையின் உரை கிடைக்கும் இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டார். முன்னவர் இருப்பில் ஒரு காசையும் தொடாமல், குறைந்த தொகையை மட்டும் தாம் ஈடுகட்டியது போன்ற செயல். வங்கியில் காலம் கழித்தவர்களுக்கு இதன் அருமை கூடுதலாகவே புரியும்.

இனி, ஆழ்வார் காட்டும் கங்கையைப் பார்ப்போம். அவள் அமைதியான நதியல்லள். மலைகள் அதிர, பூமி பிளக்க, கரையிலுள்ள மரங்களை முட்டிச் சாய்த்து, கடலே கலங்கும்படி விரைந்து இறங்குகிறாள். இரு கரையிலும் வேள்வித் தூண்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன, யாகப்புகை கமழ்கிறது. முனிவர்கள் தீர்த்தமாடுகிறார்கள். சிவபிரான் சடையிலுள்ள கொன்றையும் நாராயணன் திருவடித் துழாயும் ஒரே வெள்ளத்தில் கலந்து வருகின்றன. நான்முகன் கையிலும், எம்பெருமான் திருவடியிலும், சங்கரன் சடையிலும் தங்கி வந்த நீர் இது என்று வேறொரு பாசுரத்தில் வரலாறும் சொல்லப்படுகிறது. உலகளந்த பெருமானின் திருவடியை நான்முகன் தன் கமண்டல நீரால் விளக்கினான், அந்த நீரே கங்கை என்ற வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். ஆக, கங்கை என்பது ஸ்ரீபாத தீர்த்தம். அவளுடைய பெருமைக்கெல்லாம் காரணம் இதுவொன்றே. ஏழு பிறவிகளிலும் சேர்ந்த பாவத்தை ஒரு கணத்தில் கழுவுகிறாள் என்றால், கழுவுவது திருவடி ஸம்பந்தமேயன்றி வெறும் நீரன்று.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. பத்துப் பாசுரங்களிலும் கங்கையின் பெருமை வருகிறது. ஆனால் ஒன்றிலேனும் கங்கையோடு ஆழ்வார் நின்றுவிடவில்லை. ஒவ்வொன்றிலும் புருடோத்தமனைச் சொல்லி, அவன் எழுந்தருளியிருக்கும் ஊரிலே கொண்டுபோய் முடிக்கிறார். ஒன்பதாம் பாசுரத்தில் வடமதுரை, சாளக்கிராமம், வைகுந்தம், துவாரகை, அயோத்தி, வதரி என்று அவனுக்குள்ள இடங்களையெல்லாம் அடுக்கி, இத்தனையும் உடையவன் இங்கே இருக்கிறான் என்கிறார். பத்தாம் பாசுரமோ மூன்றெழுத்தான ப்ரணவத்தின் பொருளைப் பேசுவது. மூன்று என்ற சொல்லை அதில் ஆழ்வார் எத்தனை முறை இடுகிறார் என்று வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம். அதன் விரிவு ஒரு தனிக் கட்டுரைக்குரியது, ஆசார்ய முகமாகவே கேட்டறியத் தக்கது.

பதினோராம் பாசுரத்திற்கு வருவோம். இந்தத் தமிழ்மாலை நாவில் தங்கப்பெற்றவர்களுக்கு, கங்கையில் நீராடித் திருமாலின் திருவடிக்கீழ் இருந்த கணக்காகும் என்று பலன் சொல்லித் தலைக்கட்டுகிறார். கணக்கு என்ற சொல் ஆழ்வாருடையது. நாம் வணிகவியல் படித்து முப்பத்தைந்து ஆண்டுகள் பேரேட்டோடு வாழ்ந்தவராதலால், பாராயண கோஷ்டியில் இச்சொல் வரும்போதெல்லாம் நாக்கு சற்றே தடுக்கி நிற்கும். கணக்காகும் என்றால் என்ன? நீராடியது போல என்று உபசாரமாகச் சொன்னதா, அல்லது நீராடியதாகவே வரவு வைக்கப்படும் என்பதா?

பலச்ருதிகளை அர்த்தவாதம் என்று ஒதுக்குவார் உண்டு. நம் பூர்வாசார்யர்களின் வழி அதுவன்று. மயர்வற மதிநலம் பெற்றவர்களின் வாக்கில் வெறும் புகழ்ச்சிக்கு இடமில்லை. நமக்குத் தெரிந்த தொழிலின் வழியாகவும் இதனை ஒருவாறு பார்க்கலாம். ஒருவர் கணக்கில் ஒரு தொகை வரவு வைக்கப்பட்டால், அது பணம் போன்றது என்று யாரும் சொல்வதில்லை, பணமே என்பார்கள். நோட்டுக் கட்டு கைமாறவில்லையே என்று வாடிக்கையாளர் வருந்துவதுமில்லை. ஆனால் ஒன்று. காசோலை எழுதியவரின் கணக்கில் இருப்பு வேண்டும். இங்கே எழுதியவர் விஷ்ணுசித்தர். அவர் திருவுள்ளத்திலே இருப்பாக இருப்பவனோ புருடோத்தமன். திரும்பி வரும் காசோலையன்று இது.

நிபந்தனை உண்டா என்றால், உண்டு. தங்கிய என்ற சொல்லை ஆழ்வார் இப்பாசுரத்தில் இருமுறை இடுகிறார், ஒன்று தம்முடைய அன்புக்கு, மற்றொன்று சொல்லுவார் நாவுக்கு. தங்கிய அன்பிலிருந்து பிறந்த மாலை, தங்கிய நாவிலே பலிக்கும். நாவில் ஏறி இறங்குவது வேறு, தங்குவது வேறு. நடப்புக் கணக்குக்கும் வைப்புத் தொகைக்கும் உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொள்ளலாம். (உபமானம் எளியது, பெரியோர் பொறுத்தருள வேண்டும்.)

இவ்வளவும் ஏட்டளவில் நமக்கு முன்பே தெரியும். தெரிந்தது உறைத்தது எங்கே என்பதைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை முழுமையாகாது.

நாம் பிறந்து வளர்ந்து இன்றும் வாழ்வது பள்ளிபாளையத்தில். ஈரோட்டிற்கு நேர் எதிரே, காவிரியின் கிழக்குக் கரையிலுள்ள விசைத்தறி ஊர். கொங்கு நாட்டில் திவ்யதேசம் ஒன்றுகூட இல்லை. பாலத்தைக் கடந்தால் ஈரோடு கோட்டையில் கஸ்தூரி அரங்கநாதர், கிழக்கே போனால் திருச்செங்கோட்டு மலைமேல் ஆதிகேசவர், இன்னும் சற்றுத் தொலைவில் நாமக்கல் குடைவரையில் நரஸிம்ஹரும் அரங்கநாதரும். ஸேவிப்பதற்கு எம்பெருமான்கள் குறைவில்லை, ஆழ்வார் பாசுரம்தான் இல்லை. நம் திருத்தாயார் லால்குடிப் பக்கத்திலிருந்து இவ்வூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். பாசுரமில்லாத நாட்டுக்கு வந்து சேர்ந்தேனே என்று அவ்வப்போது சொல்லுவார். பிறகு தமக்குத் தாமே, பெரிய பெருமாளுக்குப் போகிற தீர்த்தம் இப்படித்தானே போகிறது என்று தேற்றிக்கொள்வார்.

அவர் விடியுமுன் படித்துறைக்குச் சென்று, இடுப்பளவு நீரில் நின்று இத்திருமொழி பதினொன்றையும் சொல்லி முழுகுவார். மழையோ பனியோ, இது மாறியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறையேனும், "கண்டத்தை எப்போதடா அப்பா ஸேவிப்பது?" என்று கேட்பார். நாமும் தவறாமல் விடை சொல்லுவோம். செப்டம்பரில் அரையாண்டுக் கணக்கு முடியட்டும் என்போம். அது முடிந்தால், குளிர் வந்துவிட்டது, மார்ச் முடியட்டும் என்போம். மார்ச் முடிந்தால் பணிமாற்றம், அல்லது தணிக்கை. அவர் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. கணக்கை முடி அப்பா என்பதோடு சரி. 2009ஆம் ஆண்டு தை மாதத்தில் ஆசார்யன் திருவடி அடைந்தார். சித்திரையில் புறப்படுவதாக அந்த முறை உண்மையாகவே முன்பதிவுக்குக் கேட்டு வைத்திருந்தோம்.

அவர் கடைசி ஆண்டுகளில் படித்துறைக்குப் போவதை நாம்தான் தடுத்தோம். வயது மட்டும் காரணமன்று. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் ஆற்றையொட்டிய சாயப்பட்டறைகளின் கழிவுநீர் காவிரியில் கலப்பது நாடறிந்த செய்தி. சில விடியற்காலங்களில் தண்ணீர் சிவந்து வரும், சில நாள் கறுநீலம். இன்று ஆறு செம்பட்டு உடுத்தியிருக்கிறது என்பார் தாயார். குறையாகச் சொல்லுகிறாரா, கொண்டாட்டமாகச் சொல்லுகிறாரா என்று நமக்குத் தெரிந்ததில்லை. அந்தப் பட்டறைகளில் சிலவற்றுக்கு நடைமுறை மூலதனக் கடன் வழங்கிய கோப்புகளில் நம் கையொப்பம் இருந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவுச் சான்று இணைக்கப்பட்டுள்ளதா என்ற கட்டத்தில் நாம் சரி என்று குறியிட்டோம். சான்றின் நகல் இருந்தது, குறியிட்டது பொய்யன்று. பட்டறையின் முன்வாசல் வழியாகப் போய்ப் பார்வை அறிக்கை எழுதினோம். பின்வாசல் ஆற்றுப்பக்கம் திறப்பது தெரிந்தும் அதைத் திறந்து பார்க்கவில்லை. காகிதத்தில் சரியாக இருந்த கணக்கு அது. தாயார் நின்ற படியில் சரியாக இல்லை.

ஓய்வு பெற்றபின், 2019ஆம் ஆண்டு ஐப்பசியில், பத்ரியில் நடை சாற்றுவதற்கு முன், தேவப்ரயாகையை மட்டுமே கருதி அடியோங்கள் இருவரும் புறப்பட்டோம்.

ஊர் செங்குத்தான மலைச்சரிவில் படிப்படியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கங்கோத்ரிப் பனியாற்றின் கோமுகத்தில் பிறந்த பாகீரதி ஒருபுறம், பத்ரியின் வழியாக வரும் அலகநந்தை மறுபுறம். இரண்டும் கூடிய பிறகே கங்கை என்ற திருநாமம். அதாவது, ஆழ்வார் முதற்பாசுரத்தில் சொல்லச் சொன்ன பெயர் அந்நதிக்கு உண்டாவதே இவ்வூர்ப் படிக்கட்டில்தான். இதைப் புத்தகத்தில் படித்திருந்தோம். இருந்தாலும் இரு நிறத்து நீரும் சிறிது தூரம் ஒன்றோடொன்று கலவாமல் போய்ப் பிறகு ஒன்றாவதை நேரில் பார்த்தபோது, அந்தப் பெயரைச் சொல்ல வாய் தானே திறந்தது.

பாகீரதி ஆர்ப்பரித்து வருகிறாள், அலகநந்தை அடங்கி வருகிறாள். இவ்வூரார் இவர்களை மாமியார், மருமகள் என்று அழைப்பது வழக்கம். தீர்த்த புரோகிதர் இதைச் சொன்னதும் நம் தர்மபத்னி சிரித்தாள். நம் அகத்து மாமியார் ஒருநாளும் சத்தமே போட்டதில்லையே என்றாள். பிறகு வெகுநேரம் பேசவில்லை. தாயாரின் கடைசி இரண்டாண்டுக் கைங்கர்யம் முழுவதும் அவளுடையது. நாம் அப்போதும் கிளையில் இருந்தோம்.

படித்துறையில் பாறையோடு பிணைத்த இரும்புச் சங்கிலிகள் இருக்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் முழுக வேண்டும். விட்டால் இழுப்பு அப்படிப்பட்டது. மரங்களைச் சாய்க்கும் வெள்ளம் என்று ஆழ்வார் பாடியது கவிதையழகுக்காக அன்று என்பதைச் சங்கிலியைப் பிடித்த கை சொல்லிற்று. இத்தனைக்கும் பாகீரதி மேலே டெஹ்ரியில் 260 மீட்டர் உயர அணையால் கட்டுண்டவள். நம் காவிரி 1934 முதல் மேட்டூரில் கட்டுண்டிருப்பது போலவே. குளிரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று முழுக்குக்கு மேல் முடியவில்லை.

ஸங்கமத்திலிருந்து நூறு படிகளுக்குமேல் ஏறினால் ஸந்நிதி. அவ்வூரார் ரகுநாதர் கோயில் என்கிறார்கள். நமக்கு நீலமேகப் பெருமாள், புருடோத்தமன். தாயார் புண்டரீகவல்லி. இராவண வதத்தால் வந்த தோஷம் நீங்க இராமபிரான் இங்கே தவமியற்றினான் என்பது ஸ்தல வரலாறு. ஆழ்வாரும் முதற்பாசுரத்தில் தங்கையின் மூக்கையும் தமையனின் தலையையும் அறுத்த தாசரதியையே முன்னிறுத்துகிறார். 1803ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பழைய கோயில் சிதைந்து, பின்னர் புதுப்பிக்கப்பட்டது. கோயிலின் பின்புறப் பாறையில் பிராமி எழுத்தில் சிறு சிறு பொறிப்புகள் உள்ளன. பெரும்பாலும் யாத்ரிகர்களின் பெயர்கள், ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. யாரோ வந்திருக்கிறார்கள், பெயரை மட்டும் வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். வேறொரு செய்தியும் இல்லை.

பத்ரியின் தீர்த்த புரோகிதர்களுக்குச் சொந்த ஊர் தேவப்ரயாகையே. வரும் யாத்ரிகர்களின் ஊர், குலம், பெயர்களை ஏட்டில் எழுதி வைப்பது அவர்களுடைய பரம்பரை வழக்கம். நம் புரோகிதர் நீண்ட சிவப்புத் துணியட்டை போட்ட ஏட்டை விரித்தார். தமிழ் கொஞ்சம் பேசினார். பள்ளிபாளையம் என்ற பெயர் அதற்குமுன் அந்த ஏட்டில் ஏறியதில்லை. எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லி எழுதினார். நம் பெயரைக் கேட்டபோது தர்மபத்னி குறுக்கிட்டாள். "அம்மா பெயரை முதலில் எழுதச் சொல்லுங்கோ."

அவர் எப்போது வந்தார் என்று கேட்டார் புரோகிதர். வரவில்லை என்றோம். வந்தவர்கள் பெயரைத்தான் இதில் எழுதுவது, காலமானவர் என்றால் பிதாமஹர் வரிசையில், குலமுறையில் எழுதலாம் என்றார். அவர் சொன்னது முறைதான். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு வரி எழுத நாமும் நம் காலத்தில் யாரையும் விட்டதில்லை. சரி, அப்படியே எழுதுங்கள் என்று சொல்ல வாயெடுத்தோம்.

தர்மபத்னி விடவில்லை. இதற்குச் சீட்டு இருக்கிறது என்று சொல்லி, ஈரப்புடவையோடு அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்து, முதற்பாசுரம் தொடங்கிப் பதினொன்றையும் சொன்னாள். தாயாரிடம் கற்றது. அவரைப் போலவே எட்டாம் பாசுரத்தில் மூச்சுவிடும் இடமும் அதே. பதினோராம் பாசுரத்தின் பொருளை நாம் ஹிந்தியில் தட்டுத்தடுமாறிச் சொன்னோம். தமிழ் யாத்ரிகர்கள் இதைப் படித்துறையில் ஓதக் கேட்டிருக்கிறேன், பொருள் இன்றுதான் தெரிந்தது என்றார் புரோகிதர். எத்தனை ஆண்டுகள் சொன்னார் என்று கேட்டார். நமக்குத் தெரிந்து நாற்பத்தாறு ஆண்டுகள். அவர் ஏட்டை நம் பக்கம் திருப்பிப் பேனாவைக் கொடுத்தார். உங்கள் எழுத்திலேயே எழுதுங்கள் என்றார்.

தமிழில் தாயாரின் பெயரை, வந்தவர் என்ற வரிசையில், முதலாவதாக எழுதினோம். தேதி போடும் இடத்தில் கை நின்றுவிட்டது. அன்றைய தேதியை இட்டால் பொய். 2009க்கு முந்தைய எந்தத் தேதியை இடுவது? நாற்பத்தாறு ஆண்டுகளில் எந்த விடியற்காலம்? தேதியில்லாத பதிவு செல்லாது என்று இளைய எழுத்தர்களை எத்தனை முறை கடிந்திருக்கிறோம். அந்த இடத்தை வெற்றாகவே விட்டு, அடுத்த வரியில் எங்கள் இருவர் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதிக் கையொப்பமிட்டோம்.

அப்படியானால் நேரில் போக வேண்டியதில்லையா என்று ஒரு கேள்வி எழும். பாசுரமே போதுமென்றால் வீட்டிலேயே இருந்துவிடலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். போக முடிந்தும் போகாதிருந்தவருக்கு அளித்த சலுகையாக நமக்கு இப்பாசுரம் படவில்லை. போக விரும்பிப் போக முடியாதிருந்தவரிடத்து ஆழ்வாருக்கு உண்டான பரிவாகவே படுகிறது. தாயாருக்குக் கணக்கு நேராயிற்று. தாமதம் செய்த நமக்கு அதே பாசுரத்தைக் காட்டித் தப்பிக்க வழியில்லை.

காவிரிக்குத் திரும்புவோம், ஆழ்வாரும் அடுத்த திருமொழியில் அங்கேதான் போகிறார். தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் காவிரியைக் கங்கையினும் புனிதமானவள் என்று பாடினார். கங்கைக்குத் திருவடி ஸம்பந்தம் உண்டு, காவிரிக்கோ நடுவிலே அவன் திருமேனி முழுவதும் சயனித்திருக்கும் பேறு உண்டு. ஐப்பசி துலா மாதத்தில் கங்கை முதலான நதிகள் காவிரியில் வந்து நீராடுவதாகப் பெரியோர் சொல்லுவர். மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து வரும் திருமஞ்சன தீர்த்தம், ஐப்பசி முழுவதும் அம்மா மண்டபம் காவிரியிலிருந்து பொற்குடத்தில், யானைமேல், மேளதாளத்தோடு பெரிய பெருமாளுக்கு எழுந்தருளும். ஈரோட்டிலிருந்து திருச்சிக்கு இரயில் பாதை சுமார் 140 கிலோமீட்டர். கொடுமுடியையும் மோகனூரையும் முக்கொம்பையும் கடந்து அந்தக் குடத்தில் புகும் நீர், நம் ஊர்ப் படித்துறையைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது. தாயார் சொன்னது இதைத்தான்.

புனிதத்தை எந்தச் சாயத்தாலும் அழிக்க முடியாது என்று சிலர் ஸமாதானம் சொல்லுவார்கள். உண்மையே. ஆனால் கோயிலில் ஸ்ரீபாத தீர்த்தம் ஸாதிக்கும்போது நாம் எப்படி வாங்குகிறோம்? வலக்கையைக் குவித்து, ஒரு துளி தரையில் சிந்தாமல் பருகி, ஈரக்கையைச் சிரஸில் தடவிக்கொள்கிறோம். தீர்த்தத்துக்குக் கெடுதல் வந்துவிடும் என்றா அப்படிச் செய்கிறோம்? அதே நாம் அந்தத் தீர்த்தம் ஆறாக வரும்போது அதில் எதையும் கொட்டலாம் என்று எப்படித் துணிந்தோம் என்பதற்கு ஸம்ப்ரதாயத்தில் விடை தேட வேண்டாம்.

ஊர் திரும்பியபின் நாம் கையொப்பமிட்ட கோப்புகளுக்குரிய பட்டறைகளில், நினைவில் இருந்த மூன்றைத் தேடிச் சென்றோம். இரண்டு மூடப்பட்டுவிட்டன. மூன்றாவதன் உரிமையாளர் நம்மை உட்கார வைத்து, பழைய மேலாளர் என்ற மரியாதையோடு தேநீர் கொடுத்தார். கடன் ஏதும் பாக்கி இல்லையே ஐயா என்றார். இல்லை, நம்முடைய பாக்கிக்காக வந்தோம் என்று சொல்லி, பின்வாசலைத் திறந்து காட்டும்படி கேட்டோம். சிறிது நேரம் நம்மையே பார்த்தார். பிறகு திறந்தார். அங்கே பார்த்ததைப் பற்றி இருவரும் பேசினோம். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. கழிவைச் சுத்திகரிக்கும் செலவு, தறிக்காரர் கொடுக்கும் விலை, கூலி என்று அவர் பக்கக் கணக்கும் ஒன்று உண்டு. சென்ற ஆடிப் பதினெட்டன்று முளைப்பாரிக் கூட்டத்தோடு கூட்டமாக அவர் படித்துறைக்கு வந்து நின்றார்.

தேவப்ரயாகையிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தில் ஒரு சிறு செம்பைத் தாயார் நின்ற படியில் சேர்த்தோம். மீதி பெருமாள் ஸந்நிதியில் இருக்கிறது. விடியற்காலையில் தர்மபத்னி பதினொரு பாசுரமும் சொல்லுகிறாள், நாம் பின்தொடர்ந்து சொல்லுகிறோம். ஏழாம் பாசுரத்தில் நமக்கு இன்னும் ஏடு வேண்டியிருக்கிறது.

அடுத்த இதழில் எட்டாம் திருமொழியான திருவரங்கப் பாசுரங்களை அநுபவிப்போம்.

பெரியாழ்வார் திருவடிகளே சரணம்.
ஜீயர் திருவடிகளே சரணம்.